எல்இடி கிட் கையேட்டில் உள்ள தவறுகள் குறித்துப் புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

பொருள்: சிறுவர் எலக்ட்ரானிக்ஸ் கிட் கையேட்டின் 2, 4ஆம் சோதனைகளைத் திருத்தக் கோருதல்

ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் கிட்டை என் பன்னிரண்டு வயது மகளுக்காக வாங்கினேன். பொருள்களின் தரத்தில் எனக்குக் குறை ஏதும் இல்லை. பாகங்களைச் செருகி இணைக்கும் பிரெட்போர்டு நன்றாக இருக்கிறது, வயர்கள் இறுக்கமாகப் பிடிக்கின்றன. என் புகார் கையேட்டைப் பற்றியும், அதைப் பற்றி எழுதிக் கேட்டபோது உங்களிடமிருந்து வந்த பதில்களைப் பற்றியும்தான்.

முதல் சோதனையில், காசு போன்ற 3 வோல்ட் பேட்டரியின் இரு பக்கமும் சிவப்பு எல்இடியின் கால்களை வைத்து அழுத்தச் சொல்கிறீர்கள். எரிந்தது. அறை விளக்கை அணைத்துவிட்டு மகள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த பக்கத்தில் இரண்டாம் சோதனை. அதில், இன்னும் பிரகாசம் வேண்டுமென்றால் அதே எல்இடியை 9 வோல்ட் பேட்டரியில் இணைக்கும்படி இருக்கிறது. கரண்டைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் என்ற பேச்சே இல்லை. இணைத்தாள். சிவப்பு வெளிச்சம் ஒரு நொடி ஆரஞ்சாக மாறியது, 'டப்' என்று ஒரு சத்தம், கருகிய வாடை. எடுத்துப் பார்த்தால் உள்ளே கடுகளவு கறுப்புப் புள்ளி. "நான்தான் ஏதோ தப்பா மாட்டிட்டேன்ப்பா" என்று முகம் வாடி உட்கார்ந்துவிட்டாள். படத்தில் இருந்ததை அப்படியே செய்திருந்தாள். நீளமான கால் பிளஸ்ஸில்தான் இருந்தது. என்னால் பொறுத்துக்கொள்ள முடியாதது இதுதான். தவறு உங்களுடையது, பழியைக் குழந்தை சுமந்தாள். தெறித்த துண்டு கண்ணில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் யோசியுங்கள்.

எல்இடி குண்டு பல்பு மாதிரி இல்லை. சிவப்புக்கு ஏறக்குறைய 2 வோல்ட், நீலத்துக்கும் வெள்ளைக்கும் 3 வோல்ட் அளவில் தேவை. அந்த அளவுக்கு மேல் வோல்ட் கொஞ்சம் கூடினாலே கரண்ட் மளமளவென்று ஏறிவிடும். சூடாகச் சூடாக அதற்குத் தேவைப்படும் வோல்ட் குறையும், அதனால் கரண்ட் இன்னும் ஏறும். கிட்டில் இருப்பது போன்ற 5 மில்லிமீட்டர் எல்இடிக்கு வழக்கமான கரண்ட் வரம்பு 20 மில்லிஆம்பியர். அந்த வரம்பை எல்இடி தானாகக் காத்துக்கொள்ளாது, ரெசிஸ்டர்தான் காக்க வேண்டும். முதல் சோதனை பிழைத்ததற்குக் காரணம், காசு பேட்டரிக்குள் இருக்கும் உள்தடையே ரெசிஸ்டரின் வேலையைப் பார்த்ததுதான். இதை ஒரு வரிகூடச் சொல்லாமல் 9 வோல்ட்டுக்குப் போனால், எந்தப் பேட்டரியிலும் நேராக மாட்டலாம் என்றுதானே பிள்ளைகள் நினைப்பார்கள்?

இதை எழுதியதற்கு, 9 வோல்ட்டுக்குப் பதில் இரண்டு பென்சில் பேட்டரி போட்டால் போதும், 3 வோல்ட்தானே என்று பதில் வந்தது. அதையும் கரண்டை அளக்கும் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். சிவப்பு எல்இடியில் 70 மில்லிஆம்பியரைத் தாண்டிப் போனது. உடனே கழற்றிவிட்டேன்.

அப்புறம் நான்காம் சோதனை. சிவப்பு, நீலம், வெள்ளை மூன்றையும் பக்கவாட்டில் (பேரலலாக) இணைத்து, மூன்றுக்கும் பொதுவாக ஒரே ஒரு 470 ஓம் ரெசிஸ்டர். படத்தில் மூன்றும் ஜொலிக்கின்றன. எங்கள் வீட்டில் சிவப்பு மட்டும்தான் எரிந்தது. நீலமும் வெள்ளையும் பழுதான பீஸ் என்று சொல்லி வேறு அனுப்பினீர்கள். அவையும் எரியவில்லை. சரி என்று சிவப்பை மட்டும் பிடுங்கினேன். நீலம் பளிச்சென்று எரிந்தது! வெள்ளையும் கூடவே எரிந்தது. சிவப்பு இருக்கும்வரை அந்த இணைப்பில் வோல்ட் ஏறக்குறைய 2ஐத் தாண்டவே தாண்டாது. 3 கேட்கும் மற்ற இரண்டும் எப்படி எரியும்? அந்தப் படம் உண்மையான சர்க்யூட்டைப் பார்த்து வரைந்ததாகத் தெரியவில்லை. ஒரே நிற எல்இடிகளை இப்படி இணைத்தாலும் சரியாகாது. பீஸுக்குப் பீஸ் சிறு வித்தியாசம் இருக்கும், குறைந்த வோல்ட்டில் எரிவது கரண்டில் பெரும் பங்கை இழுத்துக்கொள்ளும்.

தீர்வு உங்கள் பெட்டியில் இருக்கும் அதே வகை ரெசிஸ்டர்தான். ஒவ்வொரு எல்இடிக்கும் தனித்தனியாக ஒரு 470 ஓம். 9 வோல்ட்டில் சிவப்புக்கு 2 போக மீதி 7 வோல்ட். அதை 470ஆல் வகுத்தால் சுமார் 15 மில்லிஆம்பியர். நீலத்துக்கு மீதி 6 வோல்ட், சுமார் 13. இரண்டுமே வரம்புக்குள். இந்தக் கணக்கை என் மகளே போட்டுவிட்டாள். 470 ஓமைக் குறிக்கும் மஞ்சள், ஊதா, பழுப்பு என்று ரெசிஸ்டரின் நிறக் கோடுகளைப் படித்து, என் பழைய டப்பாவிலிருந்து இன்னும் இரண்டு ரெசிஸ்டரைத் தேடி எடுத்தாள். மூன்றும் எரிந்தன. இப்படி யோசிக்க வைக்கத்தானே இந்தக் கிட்டை விற்கிறீர்கள்?

எனக்குப் பணம் திரும்ப வேண்டாம். இரண்டாம் சோதனையில் ரெசிஸ்டரைச் சேருங்கள், நான்காம் சோதனையின் படத்தை மாற்றுங்கள், பெட்டிக்கு இரண்டு ரெசிஸ்டர் கூடுதலாக வையுங்கள். ஏற்கெனவே வாங்கியவர்களுக்குத் திருத்தத்தை அனுப்புங்கள். இனி இந்தப் புகார் வந்தால் பழுதான பீஸ் என்று சொல்ல வேண்டாம் என்று உங்கள் ஊழியர்களுக்குத் தெரிவியுங்கள்.

பதில் எழுதும்போது, இரண்டாம் சோதனையில் எல்இடி எரிந்துபோனது கையேட்டின் தவறுதான் என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். அதை என் மகளிடம் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் கிட்டை வாங்கிய ஒரு தந்தை