அந்த 8 விநாடிக்குள் என் அம்மாவால் பெல்ட் மாட்ட முடியாது

சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் (டிஜிசிஏ) தலைமை இயக்குநர் அவர்களுக்கும், நம் நாட்டில் பயணிகள் விமானம் இயக்கும் நிறுவனங்களின் பாதுகாப்புப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம். நடுவானில் விமானம் திடீரென்று குலுங்கும்போது பெல்ட் போடாதவர்கள் அடிபடுவதைப் பற்றி எழுதுகிறேன்.

2023 அக்டோபரில், கொல்கத்தாவில் இருக்கும் அக்கா வீட்டிலிருந்து அம்மாவைச் சென்னைக்கு அழைத்து வந்தேன். அம்மாவுக்கு 68 வயது. விரல் மூட்டுகளில் வீக்கம் என்பதால் சீட் பெல்ட்டை நான்தான் மாட்டிவிட்டேன். விமானம் மேலே ஏறி நிதானப்பட்டதும் 'டிங்' என்று சத்தம் வந்தது. தலைக்கு மேலிருந்த சீட் பெல்ட் விளக்கு அணைந்தது. உடனே முன்னும் பின்னும் சடசடவென்று பெல்ட் கழற்றும் சத்தம். அம்மாவும் கழற்றிவிட்டார். ஏன் என்று கேட்டேன். "அவங்களே கழட்டச் சொல்லிட்டாங்களே" என்றார். அறிவிப்பு இந்தியிலும் ஆங்கிலத்திலும் வந்தது. அம்மாவுக்கு இரண்டும் தெரியாது. அவருக்குப் புரிந்தது அந்த 'டிங்' மட்டும்தான்.

சொன்னால் கோபித்துக்கொள்வார் என்று நானும் விட்டுவிட்டேன். முக்கால் மணி நேரம் கழித்து, வங்கக் கடலுக்கு மேலே, விமானம் லேசாக அதிர ஆரம்பித்தது. மறுபடி 'டிங்'. அம்மாவின் பெல்ட்டில் ஒரு முனை கிடைத்தது, இன்னொரு முனை அவர் இடுப்புக்கும் சீட்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருந்தது. அதை இழுத்துக்கொண்டிருக்கும்போதே விமானம் சட்டென்று கீழே இறங்க, அடிவயிறு காலியானதுபோல இருந்தது. இரண்டு வரிசை முன்னால் டிராலியைப் பிடித்துக்கொண்டு நின்ற விமானப் பணிப்பெண் தரையைவிட்டு எழும்பி, இருக்கையின் கைப்பிடி மேல் பக்கவாட்டில் விழுந்ததைப் பார்த்தேன். வெந்நீர் ஃபிளாஸ்க் உருண்டது. நான் அம்மாவின் மேல் குறுக்கே சாய்ந்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். என் பெல்ட் மாட்டியிருந்ததால்தான் அது முடிந்தது. சென்னையில் அந்தப் பெண்ணைச் சக்கர நாற்காலியில் இறக்கினார்கள். கணுக்கால் பந்துபோல வீங்கியிருந்தது. அந்த நிலையிலும் எங்களைத் தாண்டிப் போகும்போது அம்மாவைப் பார்த்து, "ஓகேவா, அம்மா?" என்று கேட்டார்.

அதற்கு அடுத்த ஆண்டு, 2024 மே 21 அன்று, லண்டனிலிருந்து சிங்கப்பூர் போய்க்கொண்டிருந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் எஸ்க்யூ321 விமானம் மியன்மாருக்கு மேலே 37,000 அடி உயரத்தில் கடுமையாகக் குலுங்கித் தூக்கியெறியப்பட்டது. 211 பயணிகள், 18 ஊழியர்கள். 73 வயதுப் பிரிட்டிஷ் பயணி ஒருவர் இறந்தார். முதுகெலும்பிலும் தலையிலும் அடிபட்டுப் பலர் பாங்காக் மருத்துவமனையில் கிடந்தார்கள். சிங்கப்பூரின் விசாரணை அமைப்பு வெளியிட்ட முதற்கட்ட அறிக்கையை நான் பலமுறை படித்திருக்கிறேன். சீட் பெல்ட் விளக்கைப் போட்டாயிற்று என்று விமானி சொன்னது பதிவாகியிருக்கிறது. அதிலிருந்து 8 விநாடிதான். பிறகு 0.6 விநாடிக்குள் உடம்பு உணரும் விசை தலைகீழாகி, பெல்ட் போடாதவர்கள் மேலே எழும்பினார்கள். அடுத்த 4 விநாடிக்குள் அது மறுபடி திரும்ப, மேலே போனவர்கள் கீழே விழுந்தார்கள். அந்த ஆட்டத்தில் விமானம் இறங்கிய உயரம் வெறும் 178 அடி.

அந்த 8 விநாடியைப் பற்றித்தான் ஐயா இந்தக் கடிதம். தூங்குகிறவர் கண் விழிக்கவே அது போதாது. கழிவறையில் இருப்பவருக்கும் போதாது, என் அம்மாவின் விரல்களுக்கும் போதாது. விளக்கு எரிந்த பிறகு மாட்டிக்கொள்ளலாம் என்ற பழக்கமே தவறு. அந்தப் பழக்கத்தை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது, விளக்கை அணைக்கும்போது வரும் அந்த 'டிங்'.

பயணிகள் பயப்படுவது இறக்கை ஒடிந்துவிடுமோ என்று. இன்றைய விமானம் குலுங்கலைத் தாங்கும்படிதான் கட்டப்படுகிறது. உள்ளே கட்டப்படாமல் இருக்கும் உடம்புதான் உடைகிறது. 2022 மே 1 அன்று மும்பையிலிருந்து துர்காபூருக்குப் போன ஸ்பைஸ்ஜெட் விமானம் கடுமையாகக் குலுங்கியும் பத்திரமாகத் தரையிறங்கியது. ஆனால் காயம்பட்டவர்களில் ஒருவர், மாதக்கணக்கில் சிகிச்சையில் இருந்து, அந்தச் செப்டம்பரில் இறந்துபோனார்.

நின்று வேலை செய்கிறவர்களின் நிலை இன்னும் மோசம். அமெரிக்காவில் 2009 முதல் 2022 வரை குலுங்கலில் படுகாயமடைந்தவர்கள் 163 பேர். அவர்களில் 129 பேர் விமான ஊழியர்கள். எனக்கு அந்தக் கணுக்கால் ஞாபகத்துக்கு வருகிறது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அந்த விபத்துக்குப் பிறகு, பெல்ட் விளக்கு எரியும்போது சூடான பானம் கொடுப்பதை நிறுத்தியது. கொரியன் ஏர் 2024 ஆகஸ்டில் எகானமி வகுப்பில் கப் நூடுல்ஸையே எடுத்துவிட்டது. நம் ஊரில் ஒன்றேகால் மணி நேரப் பயணத்தில்கூட டிராலியை முழுவதும் தள்ளி முடித்தாக வேண்டும் என்று ஊழியர்கள் ஓடுகிறார்கள். வழியில் இடிமேகம் இருப்பது புறப்படும்போதே தெரியும் நாளில் டீயும் சாண்ட்விச்சும் வேண்டாம். அந்த நாளில் விற்பனையை நிறுத்தும் முடிவை விமானியிடம் விடுங்கள். அதற்காக யாரும் அவரைக் கேள்வி கேட்கக் கூடாது என்று எழுத்தில் போடுங்கள்.

எல்லாக் குலுங்கலும் முன்கூட்டித் தெரியாது என்பது எனக்குப் புரிகிறது. விமானத்தின் ரேடார் மழைத்துளியைப் பார்க்கும், வெறும் காற்றைப் பார்க்காது. மேகமே இல்லாத நீலவானத்தில் வரும் கொந்தளிப்பு அதன் கண்ணில் படாது. அது அதிகமாகியும் வருகிறது: வட அட்லாண்டிக்கில் ஓர் இடத்துக்கு 1979இல் ஆண்டுக்கு 17.7 மணி நேரமாக இருந்த கடும் கொந்தளிப்பு 2020இல் 27.4 மணி நேரமானது என்று ரெடிங் பல்கலைக்கழகத்தினர் 2023இல் கணக்கிட்டார்கள். பார்க்க முடியாததை, முன்னால் போனவர் பின்னால் வருகிறவருக்குச் சொல்லத்தான் முடியும். ஒரு விமானம் உணர்ந்த குலுங்கலைத் தானாகவே மற்ற விமானங்களுக்கு அனுப்பும் ஏற்பாட்டை ஐயாட்டா என்ற சர்வதேச விமான நிறுவனங்களின் சங்கம் நடத்துகிறது. இந்திய வானில் பறக்கும் ஒவ்வொரு நிறுவனமும் அதில் சேர்வதைக் கட்டாயமாக்குங்கள். வியாபாரப் போட்டியை டிக்கெட் விலையில் வைத்துக்கொள்ளட்டும்.

மியன்மார் சம்பவம் நடந்து சரியாக ஓராண்டில், 2025 மே 21 அன்று, டெல்லியிலிருந்து ஸ்ரீநகருக்கு 220க்கும் மேற்பட்டோருடன் போன இண்டிகோ விமானம் பதான்கோட் அருகே ஆலங்கட்டி மழையில் சிக்கியது. விமானி இடப்பக்கம், எல்லைப் பக்கமாக விலகிப் போக அனுமதி கேட்டார். நம் விமானப்படைக் கட்டுப்பாட்டு மையம் மறுத்தது. லாகூரைக் கேட்டார், அவர்களும் மறுத்தார்கள். விமானம் ஒரு கட்டத்தில் நிமிடத்துக்கு 8,500 அடி வேகத்தில் இறங்கியது. மூக்குப் பகுதி நொறுங்கிய நிலையில், கையாலேயே ஓட்டி, ஒருவருக்கும் காயமில்லாமல் இறக்கினார்கள். இதை வெளியிட்டதே உங்கள் அலுவலகம்தான், அதற்கு நன்றி. இரு நாட்டுப் பகையை நீங்கள் தீர்க்க முடியாது. ஆனால் புயல்மேகத்தின் எதிரே நிற்கும் பயணிகள் விமானத்துக்கு மட்டும் சில மைல் வழிவிட ஓர் ஏற்பாடு வேண்டும் என்று சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பில் கேட்க உங்களால் முடியும். முதலில் நம் பக்கத்தில், மே, ஜூன் புழுதிப்புயல் மாதங்களிலாவது, அந்தப் பாதையில் புறப்படும் முன்பே மாற்றுவழி முடிவாகியிருக்க வேண்டும்.

இன்னொன்று, சுருக்கமாக: மடியில் வைத்திருக்கும் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தனி இருக்கை கட்டாயமில்லை. எஸ்க்யூ321இல் பெரியவர்களே இருக்கையைவிட்டுத் தூக்கியெறியப்பட்டார்கள். குழந்தைகளுக்கான இருக்கையைக் குறைந்த கட்டணத்தில் கொடுக்கச் செய்யுங்கள்.

ஆனால் நான் முதலில் கேட்பது செலவில்லாத ஒன்றை. விளக்கு அணையும்போது இப்போதும் 'உட்கார்ந்திருக்கும்வரை பெல்ட்டைப் போட்டிருக்கும்படி பரிந்துரைக்கிறோம்' என்று ஒரே மூச்சில் சொல்லித்தான் போகிறார்கள். அது யார் காதிலும் விழுவதில்லை, ஏன் என்றும் சொல்வதில்லை. அதற்குப் பதிலாக, புறப்படும் ஊரின் மொழியிலும் சேரும் ஊரின் மொழியிலும் இதைச் சொல்லச் செய்யுங்கள்:

"விளக்கு அணைந்துவிட்டது. ஆனால் பெல்ட்டைக் கழற்றாதீர்கள். விமானம் திடீரென்று குலுங்கினால் மாட்டிக்கொள்ள நேரம் இருக்காது. எழுந்து போக வேண்டும் என்றால் மட்டும் கழற்றுங்கள். திரும்பி வந்ததும் மாட்டிக்கொள்ளுங்கள்."

நிதானமாகப் படித்தாலும் ஒரு மொழிக்கு அரை நிமிடம் ஆகாது. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "இப்படிச் சொல்லியிருந்தா நான் ஏன் கழட்டப்போறேன்?" என்றார்.

அடுத்த மாதம் அக்கா மகளுக்கு வளைகாப்பு. அம்மாவை மறுபடி கொல்கத்தாவுக்கு அழைத்துப் போகிறேன். அதற்குள் உங்களிடமிருந்து பதில் வந்தால் மகிழ்வேன்.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து ஒரு பயணி