இருவேல்பட்டுக்குப் போனவர்கள் இங்கேயும் வரட்டும்

ஆசிரியருக்கு,

1971-ல் பொருளாதார அறிஞர் மால்கம் ஆதிசேஷையா தொடங்கிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் அரசு நிதி பெற்றாலும் தன்னாட்சியாக இயங்குவது. விழுப்புரம் பக்கம் இருவேல்பட்டில் 1916-ல் சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டரின் மாணவர்கள் எடுத்த கிராமக் கணக்கெடுப்பை வைத்துக்கொண்டு, 1981-ல் அதே ஊருக்கு மறுபடி போனார்கள் இதன் ஆய்வாளர்கள். நிலம் யார் கையில் இருக்கிறது, கூலி என்ன ஆயிற்று என்பதெல்லாம் இப்படிப் போனால்தான் தெரியும்.

கிருஷ்ணகிரிக்கு அப்படி ஓர் ஆய்வு வேண்டும். 2004-ல் தர்மபுரியிலிருந்து பிரிந்த இந்த மாவட்டத்தில் ஓசூர் தொழிற்பேட்டையும் ஊத்தங்கரை மானாவாரிக் காடும் ஒரே சராசரிக்குள் அடங்கிவிடுகின்றன. சராசரி பார்க்க நன்றாகத்தான் இருக்கும்!

கூழுக்குப் போகும் ரகமான பெங்களூரா மாங்காயையே எடுத்துக்கொள்ளுங்கள். சீசனில் கூழ் ஆலை வாசலில் லோடு வண்டிகள் வரிசையில் நிற்கும். வெயிலில் காய் வதங்க வதங்க, கொண்டுவந்தவரின் பேரம் பேசும் தெம்பும் வதங்கும். திருப்பி எடுத்துப்போனால் வண்டி வாடகை யார் தருவது? ஆலைக்காரர் கூழ் தேங்கிக் கிடக்கிறது என்பார். விவசாயி மருந்துச் செலவு, பறிகூலி என்று அடுக்குவார். இருவரையும் சாராத ஒருவர் தோட்டம் முதல் ஏற்றுமதி வரை கிலோவுக்கு எவ்வளவு விழுகிறது என்று கணக்கெடுத்தால், விலை பேசும் கூட்டத்தில் அதை மேசைமேல் வைக்கலாம்.

அப்புறம், அறிக்கையைத் தமிழிலும் போடுங்கள். பர்கூர் மண்டியில் படிக்க ஆள் இருக்கிறது.

– மா விவசாயி ஒருவர், போச்சம்பள்ளி