ஆடாத ஓர் ஆண்டைப் பற்றி ஜோயெல் அயாயிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள ஜோயெல் அயாயி அவர்களுக்கு,

உங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் 2021இல்தான் தொடங்குகிறார்கள். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் தோல்வியே காணாத அணி, இறுதியாட்டம், அங்கே வந்து சேர்ந்த முதல் தோல்வி. எனக்குப் பிடித்த இடம் அதற்கு வெகு முன்னால் இருக்கிறது. 2017-18 சீசனில் கொன்சாகா பல்கலைக்கழக அணியின் பெயர்ப்பட்டியலில் நீங்கள் இருக்கிறீர்கள். புள்ளிக் கணக்கில் இல்லை. ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. அது தண்டனையும் அல்ல, அப்படித்தான் திட்டமிட்டிருந்தார்கள். அந்த ஆண்டைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும்.

போர்தோவில் கூடைப்பந்துக் குடும்பத்தில் பிறந்தவர் நீங்கள். அக்கா வலேரியான் பிரான்ஸ் தேசிய அணிக்கு ஆடுகிறவர். நீங்களும் பாரிஸின் கிழக்கோரத்தில் வான்சென் காட்டுக்குள் இருக்கும் இன்செப் என்ற தேசிய விளையாட்டுப் பயிற்சி நிலையத்துக்குப் போனீர்கள். டோனி பார்க்கர், போரிஸ் டியாவ் போன்ற பிரான்ஸின் பெரிய கூடைப்பந்து நட்சத்திரங்கள் தங்கிப் படித்த இடம். அந்த மையத்தின் பையன்கள் பிரான்ஸின் மூன்றாம் நிலை லீகில் மீசை முளைத்த ஆண்களோடு மோதுகிறார்கள். அடி வாங்கித் தோற்பதும் அங்கே பாடத்திட்டத்தில் அடக்கம். அதன் பிறகு போக வேண்டிய வழியும் ஏறக்குறையப் போட்டு வைக்கப்பட்டதுதான்: ஏதாவது ஒரு தொழில்முறை கிளப்பில் இளையோர் ஒப்பந்தம், கையில் கொஞ்சம் சம்பளம், பெரிய அணியின் பெஞ்சில் ஓர் ஓரம். நீங்கள் பதினேழு வயதில் அதை விட்டுவிட்டு, வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்குக் கோடியில் பனி கொட்டும் ஸ்போகேன் நகரத்துக்குப் போனீர்கள். கடற்கரை சியாட்டிலைத்தான் உலகம் அறியும். ஸ்போகேன் மலைகளுக்கு அந்தப் பக்கம். அங்கே ஏசு சபைத் துறவியர் 1887இல் தொடங்கிய நடுத்தர அளவிலான பல்கலைக்கழகம் ஒன்று. ஆறாயிரம் பேர் உட்காரும் அரங்கம். டிக்கெட்டுக்காக மாணவர்கள் கூடாரம் அடித்துத் தூங்கும் ஊர்.

உங்களுக்கு முன்னால் அந்த வழியில் நடந்தவர் ரோனி துரியாஃப். மார்டினிக் தீவிலிருந்து இன்செப், இன்செப்பிலிருந்து 2001இல் கொன்சாகா. முழுசாக நான்கு ஆண்டு ஆடினார். 2005இல் அமெரிக்கத் தொழில்முறை லீகான என்பிஏவின் ஆள்தேர்வில், அதாவது டிராஃப்ட்டில், லேக்கர்ஸ் அணி அவரை 37ஆவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது; மருத்துவப் பரிசோதனையில் இதயத்தின் பெருந்தமனி வீங்கியிருப்பது தெரிந்து ஒப்பந்தம் ரத்தானது. நெஞ்சைத் திறந்து அறுவை சிகிச்சை செய்துகொண்ட மனிதர் அடுத்த ஜனவரியிலேயே லேக்கர்ஸ் சட்டையோடு திரும்பி வந்தார். அவரை ஸ்போகேனுக்குக் கொண்டுவந்த உதவிப் பயிற்சியாளர் டாமி லாய்ட்தான், வெளிநாட்டுப் பையன்களைத் தேடிப் பிடிப்பதைக் கொன்சாகாவின் தொழிலாகவே ஆக்கியவர். கிலியான் தில்லி வந்தார், ஜப்பானிலிருந்து ருய் ஹச்சிமுரா வந்தார், பிறகு நீங்கள். வேறு பெரிய கல்லூரிகள் அமெரிக்கப் பள்ளிகளின் நட்சத்திரங்களுக்காக அடித்துக்கொண்டபோது, இவர்கள் விமான டிக்கெட் எடுத்து உலகைச் சுற்றினார்கள். வேறு வழியில்லாததால் வந்த புத்திசாலித்தனம் என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால் அது குறைந்துவிடவில்லை.

இனி அந்த ஆண்டு. கல்லூரி விளையாட்டில் ஐந்து ஆண்டுகளுக்குள் நான்கு சீசன் ஆடலாம் என்பது விதியாக இருந்தது. ஆகவே ஒரு சீசன் முழுக்கக் களத்தில் இறங்காமல் இருந்தால் அது கணக்கில் கழியாது. அதற்கு ரெட்ஷர்ட் என்று பெயர். பயிற்சிக்கு எல்லோரோடும் வர வேண்டும், எடை தூக்க வேண்டும், வகுப்புக்குப் போக வேண்டும், பரீட்சை எழுத வேண்டும். ஆட்டத்தன்று மட்டும் பெஞ்சில் உட்கார்ந்து கை தட்ட வேண்டும். முந்தைய வசந்தத்தில்தான் அந்த அணி நார்த் கரோலினாவிடம் 71-65 என்று இறுதியாட்டத்தை இழந்திருந்தது. பந்தைக் கொண்டுசென்று ஆட்டத்தை நடத்தும் காவல் ஆட்டக்காரர்கள் (கார்டு) வரிசையில் இடமே இல்லை. அடுத்த நாள் மோதப்போகும் எதிரணியின் ஆட்டத்தை நடித்துக் காட்டும் வேலைதான் அப்படி உட்கார்ந்திருப்பவருக்கு வழக்கமாகக் கிடைக்கும். இன்றைக்கு ஒருவர், நாளைக்கு இன்னொருவர்.

வேறு இடமாக இருந்தால் பெற்றோர் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்திருப்பார்கள். கொன்சாகாவில் அது ஒரு மரபு. கனடாக்காரர் கெல்லி ஒலினிக் இரண்டு சீசன் ஆடிய பிறகு ஒன்றை வேண்டுமென்றே விட்டு உட்கார்ந்தார். எழுந்து வந்தபோது நாட்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர். ஹச்சிமுரா முதல் ஆண்டு பெரும்பாலும் பார்வையாளர். 2019 டிராஃப்ட்டில் 9ஆவது ஆள். உட்கார வைப்பதைக் குறையாகச் சொல்லாத ஊர் அது. பயிற்சியாளர் மார்க் ஃபியூ அவசரப்படாத மனிதர் என்பதும் ஒரு காரணம். 1999 முதல் அதே நாற்காலி.

அடுத்த ஆண்டும் உங்களுக்குப் பெரிதாக ஒன்றும் விடியவில்லை. ஆட்டம் முடிவானபின் கிடைக்கும் சில நிமிடங்கள், அவ்வளவுதான். இரண்டு குளிர்காலம். பிரான்ஸில் உங்கள் வயதுப் பையன்கள் சம்பளம் வாங்கி ஆடிக்கொண்டிருந்தார்கள். இந்த இடத்தில் உங்கள் மனதில் என்ன ஓடியது என்று நான் கற்பனை செய்து எழுதப்போவதில்லை. ஆனால் 2019 கோடையில் கிரேக்கத்தின் ஹெராக்லியோனில் நடந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் பிரான்ஸ் வெண்கலம் வாங்கியது; போட்டியின் சிறந்த ஐவரில் நீங்களும் ஒருவர், டைரீஸ் ஹாலிபர்ட்டன் இன்னொருவர். கல்லூரியில் ஏறக்குறைய ஆடவே ஆடாத ஒரு பையன் உலகின் சிறந்த ஐவரில் வந்தால் என்ன பொருள்? ஸ்போகேனின் மூடிய கதவுக்குள் ஏதோ நடந்திருக்கிறது என்றுதான் பொருள்.

திரும்பி வந்து, அந்தப் பருவத்தில் தொடக்க ஐவரில் இடம் பிடித்தீர்கள். 2020 மார்ச்சில் லாஸ் வேகஸில் நடந்த மேற்குக் கடற்கரைக் கல்லூரிகளின் தொடரில் செயின்ட் மேரிஸ் கல்லூரியை 84-66 என்று வென்று கோப்பை தூக்கியபோது தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது உங்களுக்கு. இரண்டே நாளில் கொரோனா காரணமாகத் தேசியப் போட்டி முழுவதுமாக ரத்து. டிராஃப்ட்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டு, பிறகு அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு மறுபடியும் ஸ்போகேன்.

உங்கள் ஆட்டத்தில் நான் சலிக்காமல் பார்ப்பது பந்து கையில் இல்லாத நேரம். பந்து, கூடைக்கு அருகில் நிற்கும் உங்கள் அணியின் டிரூ டிம்மியிடம் உள்ளே போகும். எதிரணியின் ஐந்து தலையும் அந்தப் பக்கம் திரும்பும். உங்களைக் காக்க வேண்டியவர் அரை நொடி திரும்பிப் பார்ப்பார். அந்த அரை நொடியில் நீங்கள் மூலையிலிருந்து எல்லைக்கோட்டை ஒட்டி அவர் முதுகுக்குப் பின்னால் நழுவிவிடுவீர்கள். அவர் முகத்தைத் திருப்பும்போது பந்து ஏற்கெனவே கூடைக்குள் இருக்கும். கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்கும் ரீபவுண்டும் அப்படித்தான். 1.96 மீட்டர் காவல் ஆட்டக்காரர், நெட்டைகளுக்கு நடுவில் எங்கிருந்து முளைத்தார் என்று வர்ணனையாளர் தேடுவார். எதிரணி எப்படி ஆடும் என்று மாதக்கணக்கில் நடித்துக் காட்டியவருக்குத்தான் அவர்கள் எப்போது எங்கே பார்ப்பார்கள் என்று தெரியும் என்பது என் கட்சி. நிரூபிக்க முடியாது, விட்டுக்கொடுக்கவும் மாட்டேன்.

2021 ஜனவரி 9, போர்ட்லாண்ட் அணிக்கு எதிராக 12 புள்ளி, 13 ரீபவுண்ட், 14 அசிஸ்ட் (சக ஆட்டக்காரர் கூடை போட வழிசெய்த கைமாற்று). மூன்றிலும் இரட்டை இலக்கம்; கொன்சாகா ஆண்கள் அணியின் வரலாற்றிலேயே முதல் டிரிபிள் டபுள். ஜான் ஸ்டாக்டன் படித்த கல்லூரி அது! என்பிஏவில் அசிஸ்ட் என்றாலே நினைவுக்கு வரும் அந்த மனிதரும் அங்கே செய்யாத காரியம்.

ஏப்ரல் 3, அரையிறுதி. யுசிஎல்ஏவோடு 90-90. கூடுதல் நேரத்தின் கடைசி நொடியில் உங்கள் அணியின் ஜேலன் சக்ஸ் ஏறக்குறைய நடுக்கோட்டிலிருந்து எறிந்த பந்து பலகையில் பட்டுக் கூடைக்குள் விழுந்ததை உலகம் நூறு முறை பார்த்துவிட்டது. அதே ஆட்டத்தில் நீங்கள் எடுத்த 22 புள்ளிகளை யாரும் போட்டுக் காட்டுவதில்லை. எனக்கு அதில் கொஞ்சம் கோபம் உண்டு. இறுதியாட்டம் நடந்தபோது இங்கே ஏப்ரல் 6 காலை, தமிழ்நாட்டில் சட்டமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு நாள். வாக்குச்சாவடி திறக்கிற நேரத்தில் இண்டியானாபோலிஸில் எதிரணியான பேய்லர் 9-0 என்று முன்னால் போய்விட்டது. உங்களுடையது 31 ஆட்டம் தொடர்ந்து வென்ற அணி. 1976இல் இண்டியானாவுக்குப் பிறகு தோல்வியே இல்லாமல் கோப்பை வாங்கும் முதல் அணியாகியிருக்கும். 86-70. எழுந்து போய் ஓட்டுப் போட்டேன்.

அந்தக் கோடையின் டிராஃப்ட்டில் உங்களோடு ஆடிய சக்ஸ் 5ஆவது, கோரி கிஸ்பர்ட் 15ஆவது. அறுபது பெயர் படித்தார்கள், உங்கள் பெயர் வரவில்லை. லேக்கர்ஸ், என்பிஏ அணிக்கும் அதன் கீழ்நிலை அணிக்கும் ஆடும் இருவழி ஒப்பந்தம் ஒன்றைக் கொடுத்துவிட்டு இலையுதிர்காலத்தில் கைவிட்டது, வாஷிங்டன் விசார்ட்ஸ் எடுத்துக்கொண்டது. என்பிஏவில் விரல்விட்டு எண்ணும் அளவு ஆட்டங்கள். இதை வைத்து "கல்லூரிக்குப் போய் என்ன கிடைத்தது" என்று கேட்பவர்கள் உண்டு. அது அளவுகோலின் பிழை. டிராஃப்ட் எண்ணை வைத்து நான்கு ஆண்டுக் கல்வியை அளந்தால் துரியாஃபும் 37 என்ற எண்தான், அதற்கு மேல் ஒன்றுமில்லை.

ஆனால் பணம் என்ற பேச்சு வரும்போது நான் உங்கள் கல்லூரிக்கு வக்காலத்து வாங்க மாட்டேன். மார்ச் மாதத் தேசியப் போட்டியின் ஒளிபரப்பு உரிமையை 2032 வரை நீட்டிக்க 2016இல் தொலைக்காட்சி நிறுவனங்கள் ஒப்புக்கொண்ட தொகை 880 கோடி டாலர். ஆடுகிறவர்களுக்குக் கல்விக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு. 2021 ஜூன் 21 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில், கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் கட்டுப்பாடுகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஜூலை 1 முதல் மாணவர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்றானது. நீங்கள் டிராஃப்ட்டுக்குக் காத்திருந்த அதே மாதம்!

அந்த விதி முன்பே இருந்திருந்தாலும் உங்களுக்கு அந்தப் பணம் எளிதாகக் கிடைத்திருக்காது. மாணவர் விசாவில் இருப்பவர் அமெரிக்க மண்ணில் கல்லூரிக்கு வெளியே அனுமதியில்லாமல் வேலை பார்க்க முடியாது, விளம்பரமும் வேலைதான். பர்டியூவின் ஏழடி நான்கங்குலக் கனடாக்காரர் சாக் ஈடி நாட்டின் சிறந்த ஆட்டக்காரராக இருந்தும், சக மாணவர்கள் சம்பாதித்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார். கென்டக்கியின் ஆஸ்கர் ஷீப்வே, அணி பஹாமாஸுக்குப் போன நேரம் பார்த்து விளம்பர வேலைகளை அங்கே முடித்துக்கொண்டார். எல்லை தாண்டினால் சட்டம் விடுகிறது! கல்லூரி ஆட்டக்காரர்கள் தொடுத்த ஹவுஸ் வழக்கில் 2025 ஜூனில் ஒப்புதலான உடன்பாட்டின்படி கல்லூரிகளே ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டாலர் வரை ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பகிர்ந்து கொடுக்கலாம் என்று ஆகிவிட்டது. இப்போது பிரெஞ்சுப் பையன்கள் கிளப்புகளை விட்டுக் கூட்டமாகக் கிளம்புகிறார்கள். வளர்த்த கிளப்புகள் கையைப் பிசைகின்றன. உழைக்கிறவனுக்குக் கூலி கிடைக்கிறது என்பதில் எனக்கு மகிழ்ச்சிதான்.

என் உறுத்தல் வேறு. 2021 வசந்தத்தில் ஒருமுறை தண்டனையில்லாமல் கல்லூரி மாறலாம் என்றார்கள். 2024இல் எத்தனை முறை வேண்டுமானாலும் என்றார்கள். பெஞ்சில் ஒரு சீசன் உட்கார்ந்தவர் அது முடிந்ததுமே பெயரை மாறுதல் பட்டியலில் போடலாம், போடவும் செய்கிறார்கள். பயிற்சியாளருக்கும் பொறுமை இல்லை. பதினேழு வயதுப் பையனை இரண்டு ஆண்டு வளர்ப்பதைவிட, வேறெங்கோ வளர்ந்த இருபத்திரண்டு வயதுக்காரரை வாங்குவது அவருக்கு லாபம். உங்கள் கதையில் அந்த இரண்டு குளிர்காலங்களை யாரும் இனி யாருக்கும் தரமாட்டார்கள் என்று தோன்றுகிறது.

உங்கள் அக்கா இந்த வழியே போகாமல் பிரான்ஸிலேயே வளர்ந்தவர். 2024இல் பாரிஸ் ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் அமெரிக்காவிடம் ஒரே புள்ளியில், 67-66, தங்கத்தை விட்டு வெள்ளி வாங்கினார். ஒரே வீட்டில் இரண்டு வழிகளும் இருந்தன. ஆகவே இதை உங்களைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் இல்லை.

எனக்கு இரண்டு கேள்விகள். இன்செப்பில் இன்று ஒரு பையன் கையில் அமெரிக்கக் கல்லூரியின் கடிதம் இருக்கிறது, அதில் பெரிய தொகையும் இருக்கிறது. முதல் ஆண்டு ஆட வைக்க மாட்டோம் என்றும் இருக்கிறது. போ என்பீர்களா? அடுத்தது உங்களைப் பற்றி. 2021இல் உங்களுக்குக் கல்லூரியில் ஆட இன்னும் ஒரு சீசனாவது பாக்கி இருந்தது. அன்றே இன்றைய விதிகள் இருந்திருந்தால் ஸ்போகேனிலேயே இருந்திருப்பீர்களா, அல்லது 2018 வசந்தத்திலேயே வேறு கல்லூரிக்குப் போயிருப்பீர்களா?

அன்புடன்,
தமிழ்நாட்டிலிருந்து ஒரு கூடைப்பந்து ரசிகன்