தின்றால்தானே போச்சு

அன்புள்ள கதிருக்கு,

நீ வளர்க்கும் டரான்டுலா சிலந்திக்குச் சுவர்க்கோழியை இரையாகப் போடும் நாளெல்லாம் மனசு சரியில்லை என்று எழுதியிருந்தாய். உள்ளே விழுந்த பூச்சி ஓடக்கூட இல்லை, ஓரமாக உட்கார்ந்து மீசையை வாய்க்குள் இழுத்துத் துடைத்துக்கொண்டிருந்தது, அதைப் பார்த்தபின் சோறு இறங்கவில்லை என்று. ஒரு பூச்சிக்காக வருத்தப்படுவது பைத்தியக்காரத்தனமா என்றும் கேட்டாய். இல்லை கண்ணா. ஆனால் உன் வருத்தம் தப்பான நிமிஷத்தில் போய் நிற்கிறது.

கொன்றால் பாவம், தின்றால் போச்சு என்பார்கள். கறி சாப்பிடுகிறவர்கள் தங்களுக்காகச் சொல்லிக்கொள்ளும் சமாதானம் அது, எனக்கு அதில் பெரிய மரியாதை கிடையாது. ஆனால் உன் சிலந்தி விஷயத்தில் அதன் இரண்டாம் பாதியைக் கவனி. தின்றால்தான் போச்சு. தின்னப்படாமலே செத்தவை எத்தனை என்று எண்ணிப் பார்த்திருக்கிறாயா? இரைப்பூச்சி விற்கும் கடை டப்பாவில் தண்ணீர் இல்லாமல் காய்ந்தவை, ஒன்றையொன்று கடித்துத் தின்றவை, சிலந்தியின் தண்ணீர்க் கிண்ணத்தில் மூழ்கியவை, பசியில்லாத சிலந்தியோடு மூன்று நாள் அடைபட்டுக் கிடந்தவை. பல வீடுகளில் சிலந்தி வாய்க்குப் போவதைவிட இப்படிப் போவதுதான் அதிகம்.

முதலில் நீ கண்ணை மூடிக்கொள்ளும் அந்த நிமிஷத்தைப் பார்ப்போம். உன் மெக்சிகன் சிவப்பு முழங்கால் டரான்டுலாவுக்கு எட்டுக் கண் இருந்தும் பார்வை மட்டம்தான். காலில் இருக்கும் மயிர்கள் தரையின் அதிர்வையும் காற்றின் அசைவையும் வாங்கிச் சொல்லும், அதை வைத்துத்தான் வேட்டை. பசி இருந்தால் முன்னங்கால்களால் அணைத்து நச்சுப்பற்களை இறக்க ஒரு நொடி போதும். நம் வீட்டுச் சுவரில் இருக்கும் சிலந்தியின் பற்கள் இடுக்கி மாதிரி பக்கவாட்டில் மூடும். டரான்டுலாவின் பற்கள் இரண்டு கடப்பாரையைச் சேர்த்து இறக்கியதுபோல மேலிருந்து கீழே போகும். அந்த நஞ்சு பூச்சியின் நரம்பைக் குலைக்கிறது, தாடையின் அடிப்பகுதி கூடவே நசுக்குகிறது. அதன்பிறகும் கால் துடிக்கும். அந்தத் துடிப்பை வைத்து மட்டும் வலியை அளக்காதே. பூச்சியின் நரம்பு முடிச்சுகள் தலையில் மட்டும் இல்லை, அடிவயிற்றுப் பக்கமாக உடல் முழுக்க வரிசையாக இருக்கின்றன. தலை போன கரப்பான் நாள்கணக்கில் உயிரோடு இருக்க அதுவும் ஒரு காரணம்.

பூச்சிக்கு வலிக்குமா என்பதற்கு ஆமாம் என்றோ இல்லை என்றோ அடித்துச் சொல்ல முடியாது. கால் நசுங்கிய பூச்சி அதே காலை ஊன்றி நடக்கிறது, கும்பிடுபூச்சி தன்னைத் தின்றுகொண்டிருக்கும்போதே வெட்டுக்கிளி இலையைத் தின்கிறது, ஆகவே வலி இல்லை என்று 1984இல் ஒரு கட்டுரை வாதிட்டது. அது பல வருஷம் செல்லுபடியானது. 2022இல், லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தவர்கள் உள்ளிட்ட ஒரு குழு முந்நூறுக்கு மேற்பட்ட ஆய்வுகளை எடுத்து, வலிக்கு எட்டு அடையாளங்கள் வைத்துப் பூச்சி இனங்களை ஒவ்வொன்றாகச் சோதித்தது. வளர்ந்த ஈ, கொசு வகையும் கரப்பான், கறையான் வகையும் எட்டில் ஆறுக்குத் தேறின. சுவர்க்கோழி, வெட்டுக்கிளி இனத்துக்கு மூன்று, நான்குதான். வண்டினத்துக்கு ஆதாரம் இன்னும் குறைவு. குறைவு என்றால் வலிக்கவில்லை என்று அர்த்தம் பண்ணாதே, அதைச் சோதித்துப் பார்த்தவர்கள் குறைவு. எந்த இனமும் ஓர் அடையாளத்தில் தோற்றது என்று சொல்லவும் நல்ல ஆதாரம் கிடைக்கவில்லை.

இதை எதற்கு விரிவாகச் சொல்கிறேன் என்றால், சுவர்க்கோழியைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது, இனி கரப்பான் போடுகிறேன் என்றாயே, ஆதாரத்தை வைத்துப் பார்த்தால் அது தலைகீழ். கரப்பானை நமக்குப் பிடிக்காது, அவ்வளவுதான்.

நீ இருக்கும் இங்கிலாந்தின் சட்டத்திலும் உனக்கு வழிகாட்டல் கிடைக்காது. விலங்கு உணர்வு பற்றிய 2022ஆம் ஆண்டுச் சட்டம் முதுகெலும்புள்ளவற்றோடு நண்டையும் இறாலையும் கணவாயையும் சேர்த்துக்கொண்டது, பூச்சியை வெளியே விட்டுவிட்டது. உன் அறையிலுள்ள டப்பாவை யாரும் வந்து பார்க்கப்போவதில்லை. நீதான் பார்க்க வேண்டும்.

முதல் வேலை எண்ணிக்கையைக் குறைப்பது. பெண் சிவப்பு முழங்கால் இருபது வருஷத்தைத் தாண்டி வாழும். வாரம் மூன்று சுவர்க்கோழி என்றால் வருஷம் 156, இருபது வருஷத்தில் 3,120 உயிர். பத்து நாளைக்கு ஒரு பெரிய இரை என்றால் அதே இருபது வருஷத்துக்கு 730தான். சிலந்திக்கு ஒரு குறையும் வராது. வளர்ந்த சுவர்க்கோழி அரை கிராம்கூடத் தேறாது. இரைக்கென்று விற்கும் டூபியா கரப்பான் வளர்ந்தால் இரண்டு கிராம் அளவுக்கு வரும். கால்களை விட்டுவிட்டுச் சிலந்தியின் உடல் நீளத்தை அள, அதில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டாத இரையைப் போடு. வயிறு முன்னுடலைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தால் போதும். ஒன்றரை மடங்கைத் தாண்டினால் நீ அதிகமாகப் போடுகிறாய், பதினைந்து இருபது நாள் நிறுத்து. கொழுத்த சிலந்தி கண்ணாடியில் ஏறி ஒரு சாண் உயரத்திலிருந்து விழுந்தாலே வயிறு கிழிந்து செத்துப்போகலாம். பாசத்தில் அள்ளிப் போட்டால் இரண்டு பக்கமும் நஷ்டம்.

டூபியாவில் ஒரு தொல்லை உண்டு. தரையில் விட்டால் அசையாமல் படுத்துவிடும், அல்லது மண்ணுக்குள் புதைந்துவிடும். அதிர்வு இல்லாததால் சிலந்திக்கு அது இருப்பதே தெரியாது. நீயும் தின்றுவிட்டது என்று நினைத்துக்கொள்வாய், அது மண்ணுக்கடியில் வாரக்கணக்கில் கிடக்கும். நுனி மழுங்கிய நீள இடுக்கியால் மெதுவாகப் பிடித்துச் சிலந்தியின் முன்னால் தரையைத் தொடவிடு, பிடித்ததும் விட்டுவிடு. இல்லையென்றால் வழுவழுப்பான சின்னக் கிண்ணத்தில் போடு, ஏற முடியாமல் உள்ளேயே நடந்துகொண்டிருக்கும். என்னைக் கேட்டால் அங்கே கிடைக்கும் நடுத்தர அளவு வெட்டுக்கிளிதான் தோது. புதையாது, கண்ணில் படும், வேண்டாமென்றால் எடுத்துவிடலாம்.

இப்போது டப்பாவுக்கு வருகிறேன். உன் வருத்தம் முழுவதையும் இங்கே செலவழி.

கடையில் தரும் கையளவு டப்பா ஊர்தி, வீடு அல்ல. கொண்டுவந்த அன்றே மாற்று. இருபது லிட்டர் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று வாங்கி, மூடியில் உள்ளங்கை அளவுக்கு வெட்டி உலோகக் கம்பிவலை ஒட்டு. நைலான் வலையைச் சுவர்க்கோழி கடித்துத் துளைத்துவிடும். முட்டை அட்டைகளைப் படுக்கவைக்காமல் நிறுத்திவை, எச்சம் கீழே உதிரும், பூச்சிகளுக்கு ஒளிய இடமும் கிடைக்கும். தின்பதற்குக் கோதுமைத் தவிடோ ஓட்ஸோ, கூட மீன் தீனி ஒரு சிட்டிகை. புரதம் குறைந்தால் ஒன்றையொன்று தின்னும், அதிலும் முதலில் போவது சட்டை உரித்த கையோடு இருப்பது. சுவர்க்கோழி சட்டை உரிப்பதை ஒரு முறை கிட்ட உட்கார்ந்து பார். பழைய தோலின் முதுகு வெடித்து, சோற்றுப்பருக்கை மாதிரி வெள்ளையாக, மெத்தென்று வெளியே வரும். நிறம் ஏறிக் கெட்டிப்படும்வரை அதனால் எதிர்க்க முடியாது. நெருக்கமான டப்பாவில் அந்த நேரத்தைத் தாண்டிப் பிழைப்பது அதிர்ஷ்டம்தான்.

தண்ணீரைக் கிண்ணத்தில் வைக்காதே, மூழ்கிச் சாகும். கேரட் துண்டு ஒன்று போதும், இரண்டு நாளில் மாற்று, அழுகவிடாதே. ஈரம் மிஞ்சினாலும் இவை வேகமாகச் சாகின்றன. எச்சமும் ஈரமும் சேர்ந்தால் அம்மோனியா கிளம்பும். மூடியைத் திறந்ததும் மூக்கில் சுள்ளென்று ஏறினால் அன்றே பெட்டியைக் கழுவு. செத்ததைத் தினம் எடு. அறைச் சூடு 20 டிகிரிக்கு மேல் இருந்தால் சமாளிக்கும், 25 நல்லது, ரேடியேட்டர் மேல் வைத்தால் வெந்துவிடும். இப்படி இரண்டு நாள் நன்றாகத் தின்ற பூச்சிதான் சிலந்திக்கும் சத்து. பல்லிக்குப் போடுகிறவர்கள் பூச்சி மேல் சுண்ணாம்புச்சத்துப் பொடி தூவுவார்கள், சிலந்திக்கு அது தேவையில்லை.

எடுக்கும்போது பின்னங்காலைப் பிடிக்காதே. பிடித்தால் காலைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடும், வளர்ந்த பூச்சிக்கு அந்தக் கால் மறுபடி முளைக்காது. பெட்டிக்குள் ஒரு காகிதக் குழாயைப் போட்டுவை. தானாக உள்ளே ஏறி உட்காரும், குழாயை எடுத்து டம்ளரில் தட்டினால் ஒன்று விழும். ஓடாமல் இருக்கட்டும் என்று பின்னங்காலைப் பிய்த்துப் போடுகிறவர்களும் உண்டு. அதைச் செய்யாதே. துள்ளும் இரையைச் சமாளிக்க முடியாத சிலந்திக்கு இரை பெரிது என்று அர்த்தம், சின்னதாகப் போடு.

போடும் நேரம் மாலை, விளக்கைக் குறைத்துவிட்டு. சிலந்தியின் மேலே கொட்டாமல் இரண்டு விரல் தள்ளி விடு. பதினைந்து நிமிஷம் பார். பசியிருந்தால் அதற்குள் வேலை முடிந்திருக்கும், மீசை துடைக்கும் நேரம்கூட அந்தப் பூச்சிக்குக் கிடைத்திருக்காது. நீ பார்த்தது பசியில்லாத சிலந்தியிடம் மாட்டிய பூச்சியை. சிலந்தி காலைச் சுருக்கிக்கொண்டாலோ விலகிப் போனாலோ டம்ளரைக் கவிழ்த்து, கீழே அட்டையைச் செருகி, பூச்சியைத் திரும்ப எடுத்துவிடு. "ராத்திரி தின்னுக்கும்" என்று விட்டுப் படுக்காதே.

காரணம் சுவர்க்கோழி மட்டும் அல்ல. வயிற்றில் மயிர் உதிர்ந்த வழுக்கை கறுத்துப் பளபளத்தால் உன் சிலந்தி சட்டை உரிக்கப்போகிறது. வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் தின்னாது. மல்லாந்து படுத்துத்தான் உரிக்கும், செத்துவிட்டது என்று தொட்டுவிடாதே. அப்போது உள்ளே ஒரு சுவர்க்கோழி பசியோடு இருந்தால் அந்த மெத்தென்ற உடம்பைக் கடித்துத் தின்ன ஆரம்பிக்கும். டப்பாவில் தன் இனத்துக்குச் செய்ததையே இதற்கும் செய்யும். உரித்தபின் நச்சுப்பல் வெள்ளையாக இருக்கும், பிறகு சிவந்து, கறுக்கும். கறுத்து முடியப் பெரிய சிலந்திக்குப் பத்து நாள், இரண்டு வாரம் ஆகும். அதுவரை தண்ணீர் மட்டும்.

செத்த இரை போடலாமா என்று கேட்டாய். போடலாம். சின்னக் குஞ்சுகளுக்கு அதுதான் சுலபம், ஒரு சுவர்க்கோழித் தொடையோ புழுத் துண்டோ போதும், ஏறி உட்கார்ந்து தின்னும். பெரியவற்றிலும் பல தின்னும், இடுக்கியில் பிடித்துத் தரையில் லேசாக இழுத்துக் காட்டு. மறுநாளைக்குள் எடுத்துவிடு, பூஞ்சையும் சிற்றுண்ணியும் வரும். உறையவைத்துக் கொல்வதானால் உறைபெட்டியில் 24 மணி நேரமாவது இருக்க வேண்டும். சில நிமிஷத்தில் அசைவு நிற்பதைப் பார்த்து வெளியே எடுத்தால் கொஞ்ச நேரத்தில் எழுந்து நடக்கும், அது இரண்டு முறை சாகடிப்பது. குளிரில் சாவது வலியில்லாதது என்று யாரும் நிரூபிக்கவில்லை, சிலந்தியின் ஒரு நொடியைவிட அது மேல் என்று நான் நினைக்கவில்லை. உறையவைத்த பூச்சியைக் கடையில் வாங்கினாலும் அதையே உன் கண்ணுக்கு மறைவாக வேறொருவர் செய்திருக்கிறார். பெட்டி பராமரிக்க நேரமில்லை என்றால் மட்டும் அதை வாங்கு, அந்தக் காரணம் எனக்குப் புரியும்.

கூட்டி (Gooty) என்ற ஊரின் பெயர் கொண்ட நீல நிற டரான்டுலாவையும் வாங்க ஆசை என்றாயே. அது நம் பக்கத்து ஆந்திரக் காட்டு உயிர். உலகிலேயே அழிவின் விளிம்பில் இருப்பவற்றில் ஒன்று, 2019 முதல் அதன் பேரினமே, அழியும் உயிர்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற உலக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. இனப்பெருக்கம் செய்து விற்கிறவரிடம் காகிதம் கேள், காட்டாவிட்டால் விலகு. அந்த இனத்தின் கடி மோசமானது, நாள்கணக்கில் தசை இழுக்கும். அதோடு, இன்னொரு சிலந்தி என்றால் இன்னொரு 730. யோசித்துச் செய்.

மிஞ்சிய பூச்சிகளைப் பாவம் என்று தோட்டத்தில் விட்டுவிடாதே. அந்த மண்ணுக்குரியதல்லாத உயிரை வெளியே விடுவது அங்கே 1981ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம், இந்தக் குளிரில் அவை விடியுமுன் செத்தும் போகும். பல்லி, சிலந்தி வளர்க்கிற சிநேகிதர் யாராவது இருந்தால் ஒரு டப்பாவைப் பாதிப் பாதியாக வாங்குங்கள்.

நேற்று நீ அனுப்பிய படத்தில் கேரட் சுருங்கிக் கிடந்தது. இன்றைக்கே மாற்று.

அன்புடன்,
அம்மா