சி.எல். (கேஷுவல் லீவு) யார் தருகிறார்கள்?

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வரன் அமைந்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். வைகாசி என்றால் பேப்பர் திருத்தும் நேரம். இருந்தாலும் முதல் நாளே வந்துவிடுவோம்.

ஒரு தனியார் கல்லூரியில் வைஸ் பிரின்சிபாலாகக் கூப்பிடுகிறார்கள், போகலாமா என்று கேட்டிருக்கிறாய். சம்பளத்தைப் பற்றி அரைப் பக்கம், நிர்வாகத்தைப் பற்றி ஒரே வரி. நானாக இருந்தால் தலைகீழாக விசாரித்திருப்பேன்.

எங்கள் இன்ஜினியரிங் கல்லூரியை நடத்திய அப்பா, அவருக்குப் பின் வந்த மகன் இருவரிடமும் வேலை பார்த்தவன் நான். பெரியவர் சம்பளம் ஒன்றும் வாரிக் கொடுத்ததில்லை. கோபக்காரர் வேறு. வராந்தாவில் நிறுத்தி வைத்துத் திட்டுவார், சாயங்காலம் மறந்துவிடுவார். ஆனால் எந்த சப்ஜெக்ட் யாருக்கு, லேபுக்கு என்ன வாங்குவது என்பதில் ஹெச்.ஓ.டி., அதாவது துறைத் தலைவர், சொன்னதுதான் முடிவு. அவர் நடுவில் வரமாட்டார். அந்த ஒரு காரணத்துக்காகவே பலர் வேறு கல்லூரிக்குப் போகாமல் இருந்தார்கள்.

மகன் வந்ததும் கட்டடம் பளபளத்தது. ஸ்டாஃப் ரூமில் கேமரா. காலை, மதியம், மாலை விரல் வைக்க வேண்டும். மூன்று நாள் லேட் என்றால் அரை நாள் சம்பளம் கட். விளைவு என்ன தெரியுமா? முன்பு இரவு ஏழு மணி வரை பையன்களோடு புராஜெக்ட் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், இப்போது நாலே முக்காலுக்கே மெஷின் முன்னால் வரிசையில் நிற்கிறார்கள். அளந்து கேட்டார்கள், அளந்து கொடுக்கிறார்கள்.

அதைவிடக் கொடுமை அட்மிஷன் டார்கெட்: ஆசிரியரே இத்தனை மாணவரைச் சேர்த்துவிட வேண்டும். ஏப்ரல் பிறந்தால் ஆளுக்கு ஒரு போன் நம்பர் பட்டியல். டாக்டர் பட்டம் வாங்கிய மனிதர் வெயிலில் கிராமம் கிராமமாகப் போய் நிற்கிறார். "சார் எந்த ஏஜென்சி?" என்று ஒரு அப்பா கேட்டுவிட்டார். டார்கெட் முடியாவிட்டால் மே மாதச் சம்பளம் நிற்கும். அதே ஆள் ஜூலையில் வகுப்புக்குள் எந்த முகத்தோடு நுழைவார் சொல்.

நிர்வாகத்துக்கும் நெருக்கடி இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. 1984-இல் தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் தொடங்கின. பிறகு எண்ணிக்கை ஐந்நூறைத் தாண்டியது. கடைசியில் சீட்டுகள் காலி. 2018-இல் ஏ.ஐ.சி.டி.இ. (தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தரும் மத்திய அமைப்பு) பதினைந்து மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்றிருந்ததை இருபதுக்கு ஒருவர் என்று மாற்றியபோது பல இடங்களில் ஆட்களைத்தான் முதலில் குறைத்தார்கள். அன்றிலிருந்து எல்லோருக்கும் அடிவயிற்றில் ஒரு பயம். 2024-இல் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளியிட்டதே, ஒரே ஆசிரியர் பல கல்லூரிகளில் முழுநேரப் பணியாளராகக் கணக்கில் இருந்த விவகாரம்! அதில் 353 பேர். இன்ஸ்பெக்‌ஷனுக்குப் பேர் இருந்தால் போதும், ஆள் வேண்டாம் என்று நினைக்கிற இடத்தில், நிஜமாகவே வேலை பார்க்கிறவனுக்கு என்ன மரியாதை கிடைக்கும்?

சட்டமும் பெரிதாகத் துணைக்கு வராது. ஆசிரியர் தொழில் தகராறு சட்டப்படி 'தொழிலாளி' அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1988-லேயே சொல்லிவிட்டது. 2022-இல் தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கும் கிராஜுவிட்டி (பணிக்கொடை) உண்டு என்று வந்த தீர்ப்பு ஓர் ஆறுதல். அதையும் கேட்டு வாங்கத் தைரியம் வேண்டும்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். இன்டர்வியூவில் சேர்மன் பேசுவதை விட்டுவிடு. அங்கே இருக்கும் பிரின்சிபாலிடம் தனியாக ஒன்று கேள்: "ஒரு ஸ்டாஃபுக்கு சி.எல். உங்கள் கையெழுத்தில் கிடைக்குமா, இல்லை மேலே போக வேண்டுமா?" எங்கள் பிரின்சிபாலுக்கு அந்த அதிகாரம்கூட இல்லை. அம்மாவுக்கு ஆபரேஷன் என்று வருகிறவளிடம், "கரஸ்பாண்டன்ட் ஆபீஸில் கேட்டுச் சொல்கிறேன்மா" என்கிறார். நல்ல மனிதர்தான், ஆனால் அவரை நம்பி யாரும் எதுவும் சொல்வதில்லை. நீ அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் ஆறு மாதம் தாங்கமாட்டாய், எனக்கு உன்னைத் தெரியும்.

அப்புறம், அங்கிருந்து சமீபத்தில் விலகிய யாரிடமாவது பேசு. சேரும்போது வாங்கி வைத்துக்கொண்ட ஒரிஜினல் சர்டிஃபிகேட் திரும்பக் கைக்கு வர எவ்வளவு நாளானது என்று கேள். என் பழைய மாணவன் ஒருவன் அங்கே இருந்து வந்தவன்தான், நம்பர் அனுப்புகிறேன். இரவு எட்டு மணிக்கு மேல் கூப்பிடு.

அன்புடன்,
ராஜாமணி