தோணிக் குடும்பத்தின் வேரைத் துறைமுகத்தில் தேடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, பாம்பன் என்று நம் கரையில் தோணி ஓட்டிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் பலர் இப்போது வம்சாவளி எழுத முனைகிறார்கள். எடுத்த எடுப்பில் சொந்த ஊரில் விசாரிக்கிறார்கள். இரண்டு தலைமுறைக்கு மேல் பெயர் கிடைக்காததும் "கடலோடிக்கு ஏது பதிவு?" என்று விட்டுவிடுகிறார்கள். பதிவு இருக்கிறது, அது ஊரில் இல்லை, தோணி போய் ஒதுங்கிய கரைகளில் இருக்கிறது. இந்த வித்தையில் தேர்ந்தவர்கள் இங்கிலாந்தின் கால்வாய்ப் படகுக் குடும்பங்களின் வாரிசுகள். அவர்கள் தேடிய வழி நமக்கு அப்படியே உதவும் என்பதால் இதை எழுதுகிறோம்.

அங்கே நிலக்கரி சுமந்த படகு சுமார் 70 அடி நீளம், 7 அடி அகலம். அதன் பின்பக்கத்துச் சிற்றறையில்தான் குடும்பமே குடியிருந்தது. தெருவும் கிடையாது, கதவு எண்ணும் கிடையாது. கோல்வில் ஊர்க்காரரான ஜார்ஜ் ஸ்மித் என்பவர் இவர்களுக்காக விடாமல் குரல் கொடுத்ததால் 1877-ல் கால்வாய்ப் படகுச் சட்டம் வந்தது. 1884-ல் அதை இறுக்கினார்கள். ஆள் குடியிருக்கும் படகை வழியிலுள்ள ஓர் உள்ளாட்சியில் பதிய வேண்டும். படகின் பெயர், உடையவர், ஓட்டுபவர், போகும் தடம், அறையில் எத்தனை பேர் தங்கலாம் எல்லாம் பதிவேட்டில் ஏறின. 12 வயதுக்கு மேற்பட்டவருக்கு 60 கன அடி இடம், சிறுவருக்கு 40 கன அடி என்பது கணக்கு. அதனால் சோதிக்க வந்த அதிகாரி படகில் இருந்த தலைகளை எண்ணினார், பிள்ளைகளின் வயதைக் கேட்டார். சுகாதாரத்துக்காக எழுதிய அந்தக் குறிப்பு இன்று குடும்ப வரலாறாக நிற்கிறது.

பலர் சறுக்குவதும் இந்தப் பதிவேட்டில்தான். அதில் உள்ள ஓட்டுநர், படகைப் பதிந்த நாளில் இருந்தவர். கம்பெனிப் படகுகளில் ஆள் மாறிக்கொண்டே இருக்கும். தேதி போட்ட சோதனைக் குறிப்போடு ஒத்துப்பார்க்காமல் அந்தப் பெயரைத் தாத்தா என்று எழுதிவிடக் கூடாது.

பிறப்புப் பதிவு அங்கே 1837 ஜூலையில் தொடங்கியது. ஒரே படகுக் குடும்பத்தில் மூத்தவன் பிரான்ஸ்டனில், அடுத்தவள் ஸ்டோக் புரூயனில், கடைக்குட்டி லண்டன் பாடிங்டனில் பிறந்திருப்பார்கள். ஊரை வைத்துத் தேடினால் மூவரும் மூன்று வீட்டுப் பிள்ளைகள் போலத் தெரிவார்கள். அரசுப் பதிவுத் துறையின் புதிய இணைய அட்டவணையில் தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரும் 1837 முதலே உண்டு. ஊர்க் கட்டத்தைக் காலியாக விட்டு, தகப்பன் குடும்பப் பெயரையும் தாயின் பிறந்த வீட்டுப் பெயரையும் சேர்த்துப் போட்டால் சிதறிய பிள்ளைகள் ஒன்றாக வந்து நிற்பார்கள். பழைய அட்டவணைகளில் தாய் பெயர் 1911 செப்டம்பர் காலாண்டிலிருந்துதான் உண்டு. பிறந்த இடங்களை வரைபடத்தில் புள்ளி வைத்துக் கோடிழுத்தால் படகு ஓடிய தடமே தெரிந்துவிடும். அதன் பிறகு அந்தத் தடத்துத் தேவாலயங்களில் திருமணத்தையும் அடக்கத்தையும் தேட வேண்டும்.

மக்கள்தொகைக் கணக்கில், அன்றிரவு படகு கட்டியிருந்த இடத்தில்தான் பெயர் இருக்கும், பெரும்பாலும் அந்தப் பகுதி ஏட்டின் கடைசிப் பக்கங்களில். ஓடிக்கொண்டிருந்த படகு விடுபட்டும் போயிருக்கலாம். 1931 கணக்கு 1942-ல் எரிந்துபோனது, 1941-ல் எடுக்கவே இல்லை. 1939 செப்டம்பர் 29-ல் எடுத்த தேசிய மக்கள் பதிவேடுதான் அந்த இடைவெளியை நிரப்புகிறது.

இதெல்லாம் தனியாள் வேலை அல்ல. படகுக்காரர் படகுக்காரர் வீட்டிலேயே பெண் எடுத்ததால், ஒருவர் தேடும் பாட்டன் இன்னொருவருக்குப் பெரியப்பா ஆவார். ஆகவே பதிவேட்டைத் திறந்தவர் தம் குடும்ப வரியை மட்டும் எடுக்காமல் பக்கம் முழுவதையும் சாட்சிகள் பெயரோடு எழுதிப் பகிர்ந்தார். நாம் இன்னும் பழகாதது இதைத்தான்.

நம் கரைக்கு வருவோம். 1910-க்கு முன் ராமநாதபுரம் என்று தனி மாவட்டம் கிடையாது. சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அதற்கு முந்தைய காகிதங்களை மதுரை மாவட்டத்தின் பெயரில் கேளுங்கள். பழைய பிறப்புப் பதிவில் பிள்ளையின் பெயர் பெரும்பாலும் இருக்காது, "ஆண்" என்று மட்டும் இருக்கும். தகப்பன் பெயரால் தேட வேண்டும். கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு ஞானஸ்நானப் புத்தகம் பெரிய புதையல். அதில் பல பக்கங்கள் லத்தீனில் இருக்கும். வீட்டில் இராயப்பன் என்றால் அங்கே பேத்ருஸ், சின்னப்பன் பவுலுஸ், சூசை யோசேபுஸ், அருளப்பன் யோவான்னெஸ், சந்தியாகு யாகோபுஸ். இது தெரியாமல் பக்கத்தைத் தள்ளிவிட்டுப் போகிறவர்களே அதிகம். ஜமாஅத்தின் நிக்காஹ் தப்தரில் (திருமணப் பதிவேட்டில்) அரபுத்தமிழ், அதாவது அரபு எழுத்தில் எழுதிய தமிழ் வந்தால் படிக்கத் தெரிந்த பெரியவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கிரயப் பத்திரம் தகப்பன் பெயரோடு எழுதப்படுவதால் ஒரே தாளில் இரண்டு தலைமுறை கிடைக்கும். ஊர்காவற்றுறை, தலைமன்னார், கொழும்பு போய்வந்த குடும்பம் என்றால் அந்தக் கரைப் பள்ளிவாசலிலும் கோவில்பற்றிலும் (பங்குக் கோவிலிலும்) விசாரியுங்கள்.

பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். ஒரே பெயரில் இருவர் வந்தால் தகப்பன் பெயரையும் தோணியின் பெயரையும் கொண்டு பிரியுங்கள். "புயல் அடிச்ச வருஷம்" என்று சொன்னதும் 1964 என்று எழுதிவிடாதீர்கள். எந்தப் புயல், தனுஷ்கோடி ரயிலைக் கடல் கொண்டுபோனதற்கு முன்பா பின்பா என்று கேளுங்கள்.

வீட்டுப் பெட்டியில் உள்ள தோணிக் காகிதம், சரக்குக் கணக்கு, இலங்கையிலிருந்து வந்தவர்களின் குடும்ப அட்டை எதையும் லேமினேட் செய்ய வேண்டாம், செலோ டேப் ஒட்டவும் வேண்டாம். பசை மஞ்சளித்துத் தாளைத் தின்றுவிடும். உப்புக்காற்றும் ராமபாணப் பூச்சியும் போதாதென்று நாமும் சேர வேண்டாமே. சன்னலோர வெளிச்சத்தில் முதலில் மேலட்டையையும் பிறகு ஒவ்வொரு பக்கத்தையும் நேராகப் படம் எடுத்து, எங்கே, யாரிடம், எத்தனையாவது பக்கம் என்பதை அன்றே எழுதி வையுங்கள். உயிரோடு இருப்பவர்களின் விவரத்தை வெளியே பகிர வேண்டாம்.

உங்கள் நாளிதழிடம் ஒரு வேண்டுகோள். ராமநாதபுரம் பதிப்பில் வாரம் ஒரு நாள் உள்ளங்கை அளவு இடம் ஒதுக்குங்கள். தோணியின் பெயர், தண்டலின் (தோணித் தலைவரின்) பெயர், சுமாரான ஆண்டு, போய்வந்த துறைமுகம் என்று நான்கு வரி போதும். இக்கரையில் ஒருவர் போட்ட வரிக்கு அக்கரையில் யாரிடமாவது அடுத்த வரி இருக்கும்.

இப்படிக்கு,
கரையோரக் குடும்ப வரலாறு தேடும் வாசகர்கள்,
கீழக்கரை, பாம்பன்.