தெருமுனையில் வேப்பிலை கட்டிய ஆச்சிக்கு

முக்கூடல் பக்கத்து எங்கள் ஊர்க்காரர்களுக்கும், பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் எங்களோடு கண்விழித்திருந்த எல்லாருக்கும் வணக்கம்.

டாக்டர் "இனிப் பயமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்க" என்று சொல்லிவிட்டார். பாப்பாவுக்குக் காய்ச்சல் இல்லை, உடம்பில் ஒரு தடிப்பு இல்லை. காலையில் அவளே இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பும் இல்லை. வீடு வீடாக வந்து கையைப் பிடித்துச் சொல்ல வேண்டிய நன்றி இது. அவளை விட்டு நகர இன்னும் மனசு வராததால் எழுதுகிறேன்.

முதலில் மேலத்தெரு ஆச்சிக்கு.

அன்று ராத்திரி பாப்பாவுக்குப் புற்றுநோய்க்கான கீமோ முடிந்து ஆட்டோவில் வந்துகொண்டிருந்தோம். தெருமுனை லைட் கம்பத்தில் வேப்பிலைக் கொத்து கட்டியிருந்தது. அம்மை கண்ட வீட்டு வாசலில்தானே வேப்பிலை செருகுவார்கள், கம்பத்தில் எதற்கு என்று டிரைவர் அண்ணாச்சி வண்டியை மெதுவாக்கினார். பார்த்தால் கம்பத்துக்குக் கீழே ஆச்சி சாக்கை விரித்து உட்கார்ந்திருக்கிறார். எங்களைக் கண்டதும் எழுந்தார், ஆனால் கிட்டே வரவில்லை. பாப்பா கன்னத்தை வழித்து முத்தாமல் ஒரு நாளும் விடாதவர், அன்றைக்குத் தள்ளியே நின்றுகொண்டு சத்தமாகச் சொன்னார்:

"அங்கனயே நில்லு தாயி. எங்க பேரனுக்கு மணல்வாரி கண்டிருக்கு. முந்தாநாள் உங்க திண்ணைலதான் பாப்பா கூட விளையாடிக்கிட்டு இருந்தான். பிள்ளைய வீட்டுக்குக் கொண்டு போகாத. டாக்டர்ட்ட போய்ச் சொல்லு."

மணல்வாரி என்றால் தட்டம்மை. எங்கள் போன் நம்பர் ஆச்சியிடம் இல்லை. நாங்கள் எப்போது வருவோம் என்றும் தெரியாது. பொழுது சாய்ந்ததிலிருந்து அங்கேயே இருந்திருக்கிறார். ஒருவேளை தான் அசந்து தூங்கிவிட்டாலும் கண்ணில் படட்டும் என்றுதான் கம்பத்தில் வேப்பிலை. அன்று சுற்ற வேண்டிய பீடி சொளகில் அப்படியே கிடந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். கூலி போனதைப் பற்றி ஆச்சி ஒரு வார்த்தை பேசவில்லை.

வண்டியை அப்படியே திருப்பினோம். மறுநாள் காலை டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நல்ல வேளை உடனே வந்தீர்கள் என்றார். மணல்வாரியில் உடம்பில் தடிப்பு தெரிவதற்கு நாலு நாள் முன்பே அது அடுத்தவருக்குத் தொற்ற ஆரம்பித்துவிடுமாம். பாப்பா மாதிரி எதிர்ப்புச் சக்தி குறைந்த பிள்ளைகளுக்கு, நோயாளியோடு பழகிய ஆறு நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புச் சக்தி மருந்தை ஏற்றினால்தான் பலன். ஏற்றினார்கள். அப்புறம் காத்திருக்கச் சொன்னார்கள். அந்தக் காத்திருப்பைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

ஆச்சி சொல்லாமல் இருந்திருந்தால்? யாரும் குறை சொல்லியிருக்கவும் முடியாது. நம் பக்கம் வழக்கம் அப்படி. அம்மை கண்ட வீட்டில் தாளிக்க மாட்டோம், தலைக்குத் தண்ணீர் விடும்வரை வாசல் தாண்ட மாட்டோம், ஊசி, ஆஸ்பத்திரி என்று பேச்சே எடுக்க மாட்டோம். இதில் வேப்பிலையைப் பார்த்து வெளியாள் உள்ளே வராமல் இருப்பது பெரியவர்கள் கண்டுவைத்த அருமையான ஏற்பாடு. ஆச்சி அதை விடவில்லை, வேப்பிலையைத் தன் வாசலிலிருந்து தெருமுனை வரைக்கும் கொண்டுவந்தார். விடிந்ததும் கிராம சுகாதார செவிலியர் அக்காவிடம் தானே போய்த் தகவலும் சொல்லியிருக்கிறார். அம்மன் கோபித்துக்கொள்வாள் என்று ஒருவர் தடுத்தபோது, "ஆத்தா ஒண்ணும் நினைக்க மாட்டா. அவளுக்கும் பிள்ளைகதான முக்கியம்" என்றாராம்.

ஆச்சியின் தம்பிக்குச் சின்ன வயதில் மணல்வாரி வந்து கண் பார்வை போனது ஊரில் பலருக்கும் தெரியும். அரசாங்கத்தின் தடுப்பூசித் திட்டத்தில் தட்டம்மை ஊசி சேர்ந்ததே 1985இல்தான். அந்தத் தம்பி பிறந்தபோது நம் ஊரில் யாருக்கும் கிடைக்காத ஊசி அது. பேரனுக்கு வைட்டமின் ஏ சொட்டு கொடுக்க வேண்டும் என்று செவிலியர் அக்கா சொன்னதும், முதல் ஆளாகக் கூட்டிக்கொண்டு போனது ஆச்சிதான். அவன் இப்போது நன்றாக இருக்கிறான். அவனுக்கு முதல் தவணை போட்டிருந்தது. தாய் தகப்பன் திருப்பூருக்கு வேலைக்குப் போன இடத்தில் இரண்டாவது தவணை விட்டுப்போயிருக்கிறது. அந்தப் பிள்ளையையோ அவன் தாய் தகப்பனையோ தெருவில் யாரும் ஒரு சொல் சொல்லக் கூடாது. இது என் வேண்டுகோள்.

அடுத்து செவிலியர் அக்காவுக்கு. நோயாளியோடு பழகிய பிள்ளைக்கு 72 மணி நேரத்துக்குள் ஊசி போட்டுவிட்டால் நோய் வராமல் தடுக்க வாய்ப்புண்டு என்பதால், அவர் வழக்கமாக ஊசி போடுகிற புதன்கிழமை வரட்டும் என்று இருக்கவில்லை. அன்றைக்கே தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து முப்பிடாதி அம்மன் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்துவிட்டார். மருந்தைக் கலந்ததும் குப்பியின் மேல் நேரத்தை எழுதுவார். கலந்த மருந்து நாலு மணி நேரம்தான் தாங்கும், அதற்குமேல் கொட்டிவிட வேண்டும். சாயங்காலம் காட்டு வேலை முடிந்து ஒரு தாய் கடைசியாகக் கைக்குழந்தையோடு ஓடி வந்தபோது, அந்த ஒரு குழந்தைக்காகப் புதுக் குப்பியைத் திறந்தார் என்று என் தங்கை சொன்னாள். ஒரு பிள்ளைதானே, அடுத்த வாரம் வா என்று அவர் சொல்லவில்லை.

எங்கள் பாப்பாவுக்கு ஒன்பதாம் மாதமும் ஒன்றரை வயதிலும் இரண்டு தவணையும் சரியாகப் போட்டோம். அந்த ஊசி தந்த பலத்தைக் கீமோ கரைத்துவிடும், சிகிச்சை நடக்கும்போது மறுபடி போடவும் முடியாது, அது உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்த மருந்து என்று டாக்டர் விளக்கினார். அப்படியென்றால் என் பிள்ளைக்கு என்னதான் பாதுகாப்பு என்று கேட்டேன். சுற்றி இருக்கிற பிள்ளைகள் போட்டுக்கொண்ட ஊசிதான் என்றார். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்காவது எதிர்ப்புச் சக்தி இருந்தால்தான் தட்டம்மை ஒரு ஊருக்குள் பரவ வழியில்லாமல் நிற்குமாம். நோயாளி எழுந்து போன பிறகும் இரண்டு மணி நேரம் அறைக் காற்றில் தங்கியிருக்கிற கிருமி அது.

அன்றிலிருந்து நம் தெருப் பிள்ளைகளை நான் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது. சைக்கிளில் போகிறவன், டியூஷனுக்கு ஓடுகிறவள், ஒவ்வொருவரும் என் மகளைச் சுற்றிப் போட்ட வேலி. 2017இல் பள்ளிக்கூடங்களில் தட்டம்மை ரூபெல்லா ஊசி போட்டபோது வாட்ஸ்அப்பில் வந்த வதந்தியெல்லாம் உங்களுக்கு நினைவிருக்கும். அத்தனையையும் கேட்டுவிட்டும் பிள்ளைகளை அனுப்பிய தாய்மார்களே, என் மகள் அப்போது பிறக்கவே இல்லை. அவளுக்காகவும் சேர்த்துத்தான் அனுப்பியிருக்கிறீர்கள். உங்களுக்கு என்ன கைம்மாறு செய்வேன்?

இன்னும் எத்தனையோ பேர். ராத்திரியோடு ராத்திரியாக ஆட்டோவைத் திருப்பி, இன்றுவரை பெட்ரோல் காசுகூட வாங்காத அண்ணாச்சி, எங்களைத் தன் வீட்டில் வைத்துக்கொண்ட வீரவநல்லூர் மதினி, பெயர்கூடச் சொல்லாமல் ரத்தம் கொடுத்துப் போன காலேஜ் தம்பிகள், வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையின் தடுப்பூசி அட்டையையும் கொண்டுவரச் சொல்லிப் பார்த்த பெரிய டீச்சர், குழந்தைகள் வார்டு நர்சுகள், கோயில்களிலும் பள்ளிவாசலிலும் சர்ச்சிலும் பாப்பா பெயரைச் சொல்லி வேண்டிக்கொண்டவர்கள். யாரையும் மறக்கவில்லை.

சிகிச்சை முடிந்து சில மாதம் போன பிறகு, டாக்டர் சரி என்றதும் பாப்பாவுக்கும் மறுபடி ஊசி போடுவோம். அதுவரைக்கும், அதற்குப் பிறகும், என்னால் ஆன ஒரு வேலையைச் செய்யப்போகிறேன். செவிலியர் அக்காவிடம் கேட்டுவிட்டேன், சம்மதித்துவிட்டார். நம் ஊர்க் குடும்பங்கள் பாதி திருப்பூரிலும் கேரளாவிலும் இருக்கின்றன. தவணை விட்டுப்போவது பெரும்பாலும் அங்கேதான். இந்த வருஷம் அம்மன் கொடைத் திருவிழாவுக்கு வரும்போது பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையையும் மறக்காமல் எடுத்து வாருங்கள். அட்டை தொலைந்திருந்தாலும் பரவாயில்லை, பிள்ளையைக் கூட்டி வாருங்கள். ஐந்து வயதுக்குள் என்றால் விட்டுப்போன தட்டம்மை ஊசியை ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் போடலாம். கால்நாட்டிலிருந்து கொடை முடியும்வரை காலையில் கோயில் மண்டபத்தில் நான் இருப்பேன். அட்டையைப் பார்த்து, என்ன பாக்கி என்று எழுதி, செவிலியர் அக்காவிடம் நானே கூட்டிப் போவேன்.